கேள்வி – பதில்: கிக்பொக்சிங்கும் குத்துச்சண்டையும், பெண் பிள்ளைகளுக்கு

பெண்கள் குத்துச்சண்டை பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

மகளுக்கு 16 வயது. இரண்டு வருஷமாகக் கிக்பொக்சிங் பழகுகிறாள். இப்போது தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகப் போகிறேன் என்கிறாள். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாமா? எந்த வழியால் போவது?
*– ஒரு தாய், உப்புவெளி*

செய்யலாம் அம்மா, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் லூசியா ரைக்கர் கிக்பொக்சிங்கில் பெயர் எடுத்த பிறகுதான் குத்துச்சண்டைக்கு வந்தார். தொழில்முறையில் 17 போட்டி, 17 வெற்றி, அதில் 14 நொக் அவுட். அமெரிக்காவின் ஹோலி ஹோமும் கிக்பொக்சிங் பழகித் தொடங்கியவர். குத்துச்சண்டையில் 33 வெற்றிகளை எடுத்துவிட்டுக் கலப்புச் சண்டைக்குப் போனார். 2015 நவம்பரில் மெல்பேர்னில் ரொண்டா ரௌசியை வீழ்த்தியது கழுத்தில் விழுந்த இடது கால் உதைதான். சிறு வயதில் பழகிய கால் வீண் போகாது.

ஆனால் உங்கள் மகள் கை மட்டும் பாவிக்கும் ரிங்கில் இறங்கியதும் நான்கு விஷயம் இடிக்கும். முதலாவது நிலை. கிக்பொக்சிங்கில் உதையைத் தடுக்க முன்காலைச் சட்டென்று தூக்க வேண்டும் என்பதால் உடம்பு கொஞ்சம் நேராகவும் முன்கால் இலேசாகவும் இருக்கும். குத்துச்சண்டையில் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு முழங்காலையும் மடித்து, பாரத்தை உள்ளே இறக்க வேண்டும். பழைய நிலையிலேயே நின்றால் நெஞ்சும் வயிறும் திறந்து கிடக்கும். இரண்டாவது, குனிதல். முழங்கால் வரும் என்ற பயத்தில் கிக்பொக்சிங் பிள்ளைகள் தலையைத் தாழ்த்துவதில்லை. ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) கீழே புகுந்து மறுபக்கம் எழும்புவதைப் புதிதாகத்தான் பழக வேண்டும். இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, தினமும் மூன்று ரவுண்ட் அதற்குக் கீழே இடமும் வலமும் புகுந்து நடந்தால் ஆறு மாதத்தில் உடம்பு ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது, தூரம். உதைக்கும் தூரத்தில் நின்று பழகியவருக்குக் கை எட்டும் தூரம் அடைசலாக இருக்கும். பின்வாங்கிக்கொண்டே இருப்பார், புள்ளி போய்விடும். நான்காவது, கை இறங்குவது. உதைக்கும்போது சமநிலைக்காக ஒரு கையைக் கீழே வீசும் பழக்கம் குத்தும்போதும் தொற்றிக்கொள்ளும். வலது கையால் குத்தும்போது இடது கை கன்னத்தில் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஆகவே வருஷம் முழுக்க இரண்டையும் பழகட்டும். போட்டிக்கு முந்திய எட்டு வாரம் மட்டும் ஒன்றுதான்.

இனி வழி. குத்துச்சண்டையில் 15–16 வயது ஜூனியர், 17–18 யூத், 19இலிருந்து 40 வரை எலீட். மகள் இப்போது ஜூனியர் வயதில் நிற்கிறாள். மூன்று வருஷம் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டிகளில் நின்று, 19க்குப் பிறகு தொழில்முறையை யோசிப்பதுதான் எங்கள் தீர்மானமான கருத்து. அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தவர். தொழில்முறைக்கு வந்தது 2016 நவம்பரில், 30 வயதில். அவசரப்படாததால் அவர் எதையும் இழக்கவில்லை. இலங்கையில் அனுஷா கொடித்துவக்கு 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் வெண்கலம் எடுத்தார். அரையிறுதியில் அவரை மறித்தவர் இந்தியாவின் மேரி கோம். அதுவும் அமெச்சூர் வழிதான். நம் நாட்டில் சம்பளத்தோடு பயிற்சி வேண்டுமென்றால் முப்படை, பொலிஸ் அணிகளையும் கணக்கில் எடுங்கள். கிக்பொக்சிங் ஒலிம்பிக்கில் இல்லை, குத்துச்சண்டை இருக்கிறது. 2012இல் பெண்களுக்கு மூன்று எடைப் பிரிவு, 2024 பாரிஸில் ஆறு. கதவு அகலமாகிக்கொண்டுதான் வருகிறது.

வீட்டில் பேக் கட்டிக் குத்துகிறேன். ஒரு மாதமாக மணிக்கட்டும் சின்ன விரல் பக்கமும் நோகிறது. கையில் பண்டேஜ் சுற்றித்தான் குத்துகிறேன். என்ன பிழை?
*– உயர்தர மாணவி, பாலையூற்று*

உங்கள் பேக்குக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கடற்கரை மண் என்றுதான் நினைக்கிறோம், ஏனென்றால் இங்கே வீட்டில் கட்டும் பேக்குகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. மண் ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இரண்டு வாரத்தில் அடிப்பாகம் கல்லாகிவிடும். மேலே மெத்தென்று இருக்கும் இடத்துக்குப் பழகிய கை, கீழே வயிற்றுக் குத்துப் போடும்போது மடங்கும். மண்ணைக் கொட்டிவிடுங்கள். தையல்கடையில் வெட்டுத் துணி கேட்டால் சாக்குக் கணக்கில் தருவார்கள். அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒரு சாண் உயரம் போட்டதும் உலக்கையால் இடித்து, பிறகு அடுத்த சாண் என்று நிரப்புங்கள். பாரம் உங்கள் எடையில் பாதி போதும்: 50 கிலோ பிள்ளைக்கு 25 கிலோ. இன்னும் பாரம் வேண்டுமென்றால் மண்ணை இரண்டு கிலோப் பொதிகளாக இறுக்கிக் கட்டித் துணிக்கு நடுவில் புதையுங்கள், ஓரத்தில் படக்கூடாது. தொங்கவிட இரும்புச் சங்கிலி வேண்டாம். உப்புக் காற்றில் ஒரு வருஷத்தில் துருப்பிடித்து அறும். படகு கட்டும் தடித்த நைலோன் கயிறு நல்லது, அதையும் முடிச்சுக்கிட்டே நூல் பிரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது கை. மருந்துக்கடை கிரேப் பண்டேஜ் இதற்கு உதவாது, இழுபட்டுக்கொண்டே போகும். குத்துச்சண்டைக் கைத்துணி 4.5 மீற்றர் நீளத்தில் வாங்குங்கள். பெருவிரலைத் துணி நுனியில் உள்ள வளையத்துக்குள் விட்டு, கையின் பின்பக்கத்தால் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று. பிறகு மேலேறி முட்டி எலும்புகளின் மேல் மூன்று சுற்று. அங்கிருந்து சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவால் விட்டு மணிக்கட்டுக்கு வந்து, அடுத்த இடைவெளி, அதற்கடுத்தது என்று மூன்று இடைவெளியும். பெருவிரலை ஒரு சுற்று. மறுபடி முட்டிமேல் இரண்டு, மிச்சம் முழுவதும் மணிக்கட்டில். சுற்றும் நேரம் முழுக்க விரல்களை விசிறி மாதிரி விரித்தே வைத்திருங்கள். மூடி வைத்துச் சுற்றினால் முட்டி பிடிக்கும்போது துணி கூடுதலாக இறுகி, இரண்டாவது ரவுண்டில் விரல் நுனி மரத்துப்போகும். முட்டி பிடித்தால் இறுக வேண்டும், விரித்தால் தளர வேண்டும். அதுதான் சரியான அளவு.

சின்ன விரல் பக்க நோவு, குத்து அந்த முட்டியில் விழுகிறது என்பதன் அடையாளம். சுட்டு விரல், நடு விரல் முட்டிகளில்தான் விழ வேண்டும். அவற்றுக்குப் பின்னால் உள்ள எலும்புதான் முன்கையோடு நேர்கோட்டில் இருக்கிறது. ஐந்தாவது எலும்பு மெலிந்தது, கழுத்துப் பகுதியில் முறியும். ஹூக் போடும்போது முழங்கை முட்டியைவிடக் கீழே தொங்கினால் இப்படித்தான் விழும். இரண்டு வாரம் பேக்கைத் தொடாமல் கண்ணாடி முன் நின்று முழங்கையை மட்டும் சரிபாருங்கள். சின்ன விரலுக்குக் கீழே எலும்பில் அமத்தினால் ஒரே இடத்தில் குத்துகிற வலி இருந்தாலோ, முட்டி பிடிக்கும்போது அந்த விரல் மற்ற விரலின் மேல் ஏறினாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் பயிற்சிக்குப் போக வேண்டாம்.

கிளவுஸையும் சொல்லிவிடுகிறோம். பேக்குக்கு 12 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்கு (ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகும் பயிற்சி) 14 அல்லது 16. வியர்வையோடு பைக்குள் போட்டால் மாரி காலத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். பயிற்சி முடிந்ததும் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணித்தியாலம் கழித்துத் தாளை மாற்றி, நிழலில் காற்றில் வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

என் எடை 53 கிலோ. 48இல் இறங்கினால் மெடல் நிச்சயம் என்கிறார் பயிற்றுநர். ஆறு வாரம் இருக்கிறது. முடியுமா?
*– வயது 19, திருக்கடலூர்*

இறங்க வேண்டாம், தங்கச்சி. 5 கிலோ என்பது உங்கள் உடம்பில் பத்தில் ஒரு பங்கு. கொழுப்பு மட்டும் இறங்குவதற்கு வாரம் அரைக் கிலோதான் நியாயமான வேகம். ஆறு வாரத்தில் 3 கிலோ. மிச்ச 2 கிலோ தண்ணீரைப் பிழிந்துதான் வரும். தொழில்முறையில் எடை பார்ப்பது வழமையாக முதல் நாள். குடித்துச் சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு நாள் கிடைக்கிறது. அமெச்சூரில் போட்டியன்று காலையிலேயே எடை பார்ப்பார்கள். இழந்த நீர் அந்தச் சில மணித்தியாலத்தில் முழுதாகத் திரும்பாது. அந்த உடம்போடு தலையில் அடி வாங்குவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. கால் கனக்கும், கை தாமதிக்கும், தெரிந்த குத்தைக்கூடத் தடுக்க முடியாது.

50 அல்லது 51 கிலோவைக் குறிவைத்து, பத்து வாரம் எடுங்கள். சோற்றை நிறுத்த வேண்டாம். இரவுச் சோற்றை அரைவாசியாக்கி, பொரியலையும் தேங்காய்ப் பால் கறியையும் வாரத்தில் இரண்டு நாளுக்குக் குறையுங்கள். 50 கிலோவுக்கு ஒரு நாள் புரதம் 80 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். உங்கள் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை: 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி கச்சானில் 7. மாதவிடாய் இரண்டு மாதம் வராமல் போனால், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். இலேசாகிவிட்டேன் என்று சந்தோஷப்படும் விஷயம் இல்லை. எலும்பு மெலிகிறது என்றும் அர்த்தம். சாப்பிட்ட கையோடு பிளேன் டீ குடிப்பதையும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள். இரும்புச்சத்தை அது உறிஞ்ச விடாது.

சிறுநீர் கூடப் போக மாத்திரை தருகிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அந்த வகை மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் போட்டிக் காலம், பயிற்சிக் காலம் இரண்டிலும் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே காலை எட்டு மணிக்கே பயிற்சி வேகவைக்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர், உப்புச் சேர்ந்த பானமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஜீவனி கரைத்தால் பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

பெண்களுக்கு ஏன் இரண்டு நிமிட ரவுண்ட்?
*– மனையாவெளி*

தொழில்முறையில் மட்டும்தான். அமெச்சூரில் இப்போது பெண்களும் ஆண்களும் மூன்று நிமிடம், மூன்று ரவுண்ட். தொழில்முறை உலகப் பட்டப் போட்டி பெண்களுக்குப் பெரும்பாலும் 10 ரவுண்ட், இரண்டு நிமிடம். ஆண்களுக்கு 12 ரவுண்ட், மூன்று நிமிடம். அதாவது 20 நிமிடமும் 36 நிமிடமும். மூளை அதிர்ச்சி அபாயத்தைக் காட்டி, உலகப் பட்டம் வழங்கும் டபிள்யூ.பி.சி. அமைப்பு இரண்டு நிமிடத்தில் பிடிவாதமாக நிற்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செரானோ 2023 ஒக்டோபரில் 12 ரவுண்ட், மூன்று நிமிடம் ஆடி வென்றார். அந்த அமைப்பின் பட்டத்தையும் பிறகு துறந்தார். சம்பளம் குறைவு ஏன் என்று கேட்டால் நேரத்தைக் காட்டுகிறார்கள், நேரத்தைக் கூட்டக் கேட்டால் மறுக்கிறார்கள். அவர் கோபம் நியாயமானது.

ஹிஜாபோடு போட்டியில் இறங்க விடுவார்களா?
*– ஒரு சகோதரி, கிண்ணியா*

சர்வதேச அமெச்சூர் விதிகளில் 2019இலிருந்து ஹிஜாபும், கை கால் மூடிய உடம்போடு ஒட்டிய உடையும் அனுமதிக்கப்பட்டன. உள்ளூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். எடை பார்க்கும் மேசையில் வாக்குவாதப்பட நேரம் இருக்காது. ஊசி, பின் எதுவும் கூடாது. தலையோடு ஒட்டும் இழுபடு துணியில் ஒரே துண்டாகத் தைத்து, அதன்மேல் ஹெட்கார்ட்டைப் போட்டுப் பயிற்சியிலேயே பழகுங்கள். மெல்லிய துணி வழுக்கி ஹெட்கார்ட் கண்ணை மறைப்பதுதான் வழமையாக நடக்கும் பிழை. பெண்களுக்கு அமெச்சூரில் ஹெட்கார்ட் இன்னும் கட்டாயம்.

மாதவிடாய் நாட்களில் ஸ்பாரிங் செய்யலாமா? வீட்டில் கூடாது என்கிறார்கள்.
*– பெயர் வேண்டாம், சாம்பல்தீவு*

உடம்பு இடம் கொடுத்தால் செய்யலாம். விதியில் தடை இல்லை. நோவும் சோர்வும் கூடிய முதல் நாளில் கயிறு பாய்தல், நிழல் குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) என்று இலேசாக முடியுங்கள். இரத்தப்போக்கு அதிகமென்றால் இரும்புச்சத்துப் பரிசோதனை செய்யுங்கள். போட்டிக்கு முன் கேட்பது கர்ப்பம் இல்லை என்ற கையெழுத்துத்தான். 18க்குக் கீழ் என்றால் பெற்றோரும் போட வேண்டும்.

இந்தக் ‘கூடாது’ உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியக் குத்துச்சண்டைச் சபை பெண்களுக்கு அனுமதிப்பத்திரம் மறுக்க, ஜேன் கௌச் 1998இல் தீர்ப்பாயத்துக்குப் போனார். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பெண்கள் நிதானம் இழப்பார்கள் என்றும் சபைத் தரப்பு வாதாடியது. வழக்கில் ஜேன் கௌச் வென்றார், அதே வருஷம் அனுமதிப்பத்திரத்தோடு ரிங்கில் இறங்கினார்.

என் அக்கா மகள் பயிற்சியில் பொடியன்களோடு ஸ்பாரிங் செய்தாள். அன்றிரவு தலையிடி, அடுத்த நாள் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. திரும்ப அனுப்பலாமா?
*– ஒரு சித்தி, ஓர்ஸ் ஹில்*

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியது மூளை அதிர்ச்சியின் அடையாளம். மயங்கி விழவில்லை என்பது ஆறுதல் அல்ல. பெரும்பாலான மூளை அதிர்ச்சியில் மயக்கமே வருவதில்லை. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் இளம் வயதில் மூளை வீங்கி உயிரே போகலாம்.

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பிறகு படிப்படியாக: இரண்டு நாள் ஓய்வு, கைபேசியும் குறைவாக. அதன்பின் வேகநடை. பிறகு கயிறும் நிழல் குத்தும். பிறகு பேக். பிறகு அடி வாங்காத ஜோடிப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தலையிடி திரும்பினால் ஒரு படி கீழே. ஸ்பாரிங் கடைசிப் படி, அதுவும் வைத்தியர் எழுதித் தந்த பிறகு. 18 வயதுக்குக் கீழ் என்றால் இதைவிட மெதுவாக, ஒரு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. போட்டியில் தலையடியால் நொக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் தடை இருக்கிறது. பயிற்சியில் விழும் அடியை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால்தான் அது கூடுதல் ஆபத்து. ஒரு வீராங்கனை வாழ்நாளில் வாங்கும் அடியில் பெரும்பங்கு பயிற்சிக்கூடத்தில்தான் விழுகிறது. ஒரு கொப்பி போடுங்கள்: திகதி, யாரோடு, எத்தனை ரவுண்ட், தலையில் பலமாகப் பட்டதா. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் பலமான ஸ்பாரிங் வேண்டாம்.

பொடியன்களோடு பழகுவதில் தவறில்லை. எடை வித்தியாசம் 5 கிலோவுக்குள், 16 அவுன்ஸ் கிளவுஸ், பொடியனுக்கு ஜெப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) மட்டும், அவளுக்கு எல்லாக் குத்தும் என்று முன்கூட்டியே பேசி இறக்குங்கள். இதற்குச் சம்மதிக்காத பயிற்றுநரிடம் பிள்ளையை விட வேண்டாம். ஹெட்கார்ட் புருவம் வெடிப்பதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாதல் – இதில் எது வந்தாலும் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டில் தொழில்முறைப் போட்டி ஒன்றுக்கு, மூன்று வாரத்தில் வரச் சொல்லித் தங்கைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அமெச்சூரில் 11 போட்டி ஆடியிருக்கிறாள். எதைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது?
*– ஒரு அண்ணன், நிலாவெளி*

மூன்று வாரம் என்பதே முதல் எச்சரிக்கை. உள்ளூர்ப் பிள்ளையின் வெற்றிக் கணக்கை வளர்க்க, தூரத்திலிருந்து ஆயத்தமில்லாத எதிராளியைக் கூப்பிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். எதிராளியின் பெயரைக் கேட்டு, அவரது தொழில்முறை, அமெச்சூர் கணக்கைத் தேடுங்கள். அமெச்சூரில் நூறு போட்டி ஆடியவர் ‘அறிமுகப் போட்டி’ என்ற பெயரில் நிற்பார்.

அறிமுகப் போட்டி வழமையாக 4 ரவுண்ட், இரண்டு நிமிடம். மொத்தம் 8 நிமிடம். அவள் அமெச்சூரில் ஆடும் 9 நிமிடத்தைவிடக் குறைவு. மூச்சு போதும். ஆனால் ஹெட்கார்ட் இல்லை, கிளவுஸ் 8 அவுன்ஸ். 10 அவுன்ஸில் தாங்கிய குத்து இதில் வேறு மாதிரி விழும். போகப்போவது என்று முடிவெடுத்தால் சிறிய கிளவுஸால் கைத்தடுப்புப் பயிற்சி முதலில்: பெரிய கிளவுஸுக்குப் பின்னால் ஒளிந்து பழகிய கைகளுக்கு நடுவே 8 அவுன்ஸ் புகுந்துவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: எதிராளி, எடை, ரவுண்ட், திகதி, தொகையும் எந்த நாணயம் என்பதும், போட்டி ரத்தானால் என்ன தருவார்கள் என்பதும், விமானச் சீட்டு பயிற்றுநருக்கும் சேர்த்தா என்பதும், காயத்துக்கு வைத்தியச் செலவு யார் என்பதும். மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனைகளைப் பல நாட்டுச் சபைகள் கேட்கும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழாமல் பாருங்கள். தொகையில் பயிற்றுநருக்குப் பத்தில் ஒன்று, மனேஜருக்கு மூன்றில் ஒன்று வரை போவது அங்கே வழக்கம். 1,000 டொலர் என்றால் கையில் 570 அளவுதான், வரிக்கு முன். ‘வென்றால் ஒப்பந்தம் தானாக நீளும்’ என்று ஒரு வரி எங்கேயாவது இருக்கும். எத்தனை மாதத்துக்கு, எத்தனை போட்டிக்கு, அந்தத் தொகை யார் தீர்மானிப்பது என்று மூன்றும் எழுதப்படாவிட்டால் அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால் இந்த அழைப்பை விட்டுவிட்டு, அமெச்சூரில் இன்னும் இருபது போட்டி ஆடட்டும்.

வயது 24. இனித் தொடங்கலாமா?
*– மூதூர்*

தொடங்கலாம். எலீட் பிரிவில் 40 வரை இடம் உண்டு. மேரி கோம் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற பிறகு 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தார். முதல் ஆறு மாதம் ஸ்பாரிங் இல்லாமல் கால் வேலையும் ஜெப்பும் மட்டும். கடற்கரையில் ஓடுவதென்றால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். உலர்ந்த மணல் குதிக்கால் நரம்பைப் பிடிக்கும். கரை சரிவு என்பதால் போன தூரம் அதே கரையால் திரும்பி ஓடினால் இரண்டு முழங்காலுக்கும் பாரம் சமமாகும்.